கடையில் நிற்கிறவள்

லண்டனுக்குப் படிக்க வந்த முதல் வாரத்தில், பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களை எல்லாம் ஒரு பெரிய அறையில் உட்கார வைத்து, இந்த விசாவில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று வகுப்பெடுத்தார்கள். பாடம் நடக்கிற காலத்தில் வாரத்துக்கு இருபது மணி நேரம் வேலை செய்யலாம். சொந்தத் தொழில் கூடாது. படிப்பு முடிந்து, இவர் முடித்துவிட்டார் என்று பல்கலைக்கழகம் அரசுக்குத் தெரிவித்த பிறகு, இன்னொரு விசாவுக்கு விண்ணப்பித்து இரண்டு வருடம் இங்கேயே இருந்து வேலை பார்க்கலாம். ஆனால் படிக்கும்போது விதியை மீறினவர்களுக்கு அந்த இரண்டாவது விசா கிடைப்பது சந்தேகம்; மூட்டை கட்ட வேண்டியதுதான். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் கையைத் தூக்கினேன்.

"வேலை என்றால் என்ன?"

ஆங்கிலத்தில்தான் கேட்டேன். அறையே திரும்பிப் பார்த்தது. பின்வரிசையில் ஒரு பையன் சிரித்தான். எனக்கு ஒரு குணம் உண்டு. ஒரு சொல் கையில் கிடைத்தால் அதைத் திருப்பிப் போட்டு, தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்க்காமல் விடமாட்டேன். சின்ன வயதிலிருந்தே இதற்காக அடி வாங்கியிருக்கிறேன். மேடையில் இருந்த விசா ஆலோசகர், நடுத்தர வயது வெள்ளைக்கார அம்மா, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நீ என் அறைக்கு வா" என்றார்.

சும்மா வாய்க்கொழுப்பில் கேட்ட கேள்வி இல்லை அது. நான் குடியிருந்தது லண்டனின் தெற்கே தோர்ண்டன் ஹீத்தில், இலங்கை ரோல்ஸ் பொரித்து விற்கிற ஒரு கடையின் மாடியில். கடையை நடத்தியவர் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. ரொம்ப வருடம் ஜெர்மனியில் இருந்துவிட்டு, பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று குடும்பத்தோடு லண்டனுக்கு வந்தவர். பிள்ளைகள் படித்து முடித்து வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். கணவர் பஸ் ஓட்டினார், மாலை ஷிப்ட். அதனால் மாலை முழுக்க அக்கா கடையில் தனி ஆள். மாடிக்குப் போகிற படி கடைக்குள்ளே, கல்லாவுக்குப் பின்னால் இருந்தது. ரயிலை விட்டு இறங்கி நான் என் அறைக்குப் போக வேண்டும் என்றால் அக்காவையும் எண்ணெய்ச் சட்டியையும் தாண்டித்தான் போக வேண்டும்.

வந்த முதல் நாளே, படியில் கால் வைத்தவளைக் கூப்பிட்டார்.

"தனிய மேல போய் என்ன செய்யப் போறீர் பிள்ளை? இஞ்ச வந்து கதைச்சுக்கொண்டு நில்லும்."

நான் விருதுநகர்ப் பக்கத்துக்காரி. பேசக் கூப்பிட்டால் போகாமல் இருக்கத் தெரியாது. போய் நின்றேன். அக்கா ஒரு கையால் ரோல்ஸைத் திருப்பிக்கொண்டு, இன்னொரு கையால் பெட்டியில் அடுக்கிக்கொண்டு, வாயால் என் குலம் கோத்திரம் எல்லாம் விசாரித்தார். என் கை தன் பாட்டுக்கு ஒரு காலிப் பெட்டியை எடுக்கப் போனது. ஒரு பொம்பளை கண்ணெதிரே வேர்க்க விறுவிறுக்க வேலை செய்யும்போது பக்கத்தில் மரம் மாதிரி நிற்கிற வளர்ப்பு எங்கள் வீட்டில் கிடையாது. நின்றால் அம்மா, "என்னடி, பொண்ணு பாக்க வந்தவ மாதிரி நிக்கிற?" என்று ஒரு இடி இடிப்பாள். ஆனால் போன கை பாதியில் நின்றது. இது வேலையா? வேலை இல்லையா? அன்றைக்குப் பிடித்த சந்தேகம்தான் அந்த வகுப்பில் வாய் வழியாக வந்தது.

ஆலோசகரின் அறையில் ஒரு பெரிய தேநீர்க் கோப்பையும் ஒரு வாடிய செடியும் இருந்தன. நான் நேரே விஷயத்துக்கு வந்தேன்.

"சம்பளம் வாங்காமல் ஒரு கடையில் உதவி செய்தால்?"

"சம்பளத்துக்கு ஓர் ஆள் செய்யக்கூடிய காரியத்தை நீ செய்தால், காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அது வேலை. இருபது மணி நேரத்தில் அதுவும் சேரும்."

"கடைக்கார அம்மாவின் வீட்டுச் சமையலறையில் வெங்காயம் உரித்தால்?"

"யாருக்காக?"

"எங்கள் இரண்டு பேரின் ராத்திரிச் சாப்பாட்டுக்கு."

"தாராளமாக உரி."

"அந்த வெங்காயம் மீந்துபோய் மறுநாள் கடை ரோல்ஸுக்குள் போய்விட்டால்?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "நீ சட்டமா படிக்கிறாய்?"

"இல்லை. போக்குவரத்துத் திட்டமிடல்."

"பாவம், போக்குவரத்து," என்றார்.

விடுவேனா! கோயிலில் அன்னதானம் பரிமாறலாமா என்று கேட்டேன். பதிவு செய்த அறநிறுவனம் என்றால், நானாக விரும்பிச் செய்தால், வந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்றால், அது தொண்டு, வேலை ஆகாது என்றார். அதாவது சாம்பார் வாளியைக் கோயிலில் தூக்கினால் புண்ணியம். அதே வாளியைக் கடையில் தூக்கினால் குற்றம். அட, வாளி ஒன்றுதானே! எங்கள் ஊரில் கூடமாட ஒத்தாசை என்று ஒன்று இருக்கிறது, அது வேலையிலும் சேராது, சும்மா இருப்பதிலும் சேராது என்று அவருக்கு விளக்கப் பார்த்தேன். இரண்டு மூன்று விதமாகச் சொல்லியும் ஆங்கிலத்தில் அது உட்கார மறுத்தது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தக் கடையில் எதையும் தொடாதே," என்றார்.

முறையாக அங்கேயே வேலைக்குச் சேர்ந்திருக்கலாமே என்றால், அதற்கும் வழியில்லை. ஒரு ரயில் நிலையத்துக் காப்பிக் கடையில் வார இறுதி வேலை எனக்குக் கிடைத்திருந்தது. எனக்கு வேலை செய்ய உரிமை இருக்கிறதா என்று அரசின் இணையதளத்தில் பார்த்துச் சரிபார்த்துத்தான் எடுத்தார்கள். எனக்கு அனுமதித்த நேரத்தை எல்லாம் அந்தக் கடையே விழுங்கிவிட்டது. தவிர, ஆளை வைத்துச் சம்பளம் கொடுக்கிற அளவுக்கு அக்காவின் கடையும் ஓடவில்லை.

அன்று மாலையே அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கரண்டியை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"காசு தராமல் என்ன வேலை பிள்ளை? சொந்தக்காரர் வந்து ஒரு கை பிடிச்சா ஆர் கேக்கப் போகினம்?"

"நான் சொந்தக்காரி இல்லையேக்கா."

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அக்கா சட்டிப் பக்கம் திரும்பி, வெந்து முடிந்த ரோல்ஸையே இன்னும் இரண்டு தடவை புரட்டினார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பிறகு அவரே சொன்னார்.

"சரி. அப்ப ஒண்டையும் தொடாதேயும். ஆனா நில்லும்."

இப்படித்தான் என் நிற்றல் தொடங்கியது. குளிர்பான ஃப்ரிட்ஜை ஒட்டி ஒரு மூலை. கோட்டுப் பைக்குள் இரண்டு கையும். கையை வெளியே விட்டால் அது பாட்டுக்கு எதையாவது எடுத்து அடுக்கிவிடும், அந்தப் பயம்.

மேலே போய்ப் படிக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். போனேன், சில நாள். மாடி அறையில் ஹீட்டர் உறுமுகிற சத்தம் மட்டும் இருக்கும். கீழே அக்கா இருந்தார். அவர் பேச்சுக்கு நான் அடிமையாகிவிட்டேன் என்றே சொல்லலாம். ஜெர்மனியில் பனியில் சைக்கிள் மிதித்து ஓட்டலுக்குப் பாத்திரம் கழுவப் போனது, அங்கே தமிழ்க் கடை இல்லாமல் முட்டைக்கோசில் சுண்டல் செய்தது, பக்கத்து வீட்டு ஜெர்மன் கிழவர் அதைச் சாப்பிட்டுவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டே இன்னும் கேட்டது, எல்லாம் சொல்வார். நான் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பேன். "நீர் பொலிசுக்குப் படிச்சிருக்க வேணும்," என்று சிரிப்பார்.

அவர் தமிழும் எனக்கு ஒரு புதையல். முதலில் என்னை இழுத்தது 'நிக்கிறது'. எங்கள் ஊரில் நிற்பதற்குக் கால் வேண்டும். அக்காவின் தமிழில் படுத்துக்கொண்டேகூட நிற்கலாம். "மகன் மான்செஸ்டரில நிக்கிறான்." "மழையெண்டபடியா வீட்டதான் நிண்டனான்." யாருக்காவது விசா வந்தது என்று கேள்விப்பட்டால் முதல் கேள்வி, "எவ்வளவு காலம் நிக்கலாமாம்?" ஒரு நாள், "இத்தனை வருஷம் ஒரு நாட்டுல நின்னா கால் வலிக்காதாக்கா?" என்று கேலியாகக் கேட்டேன். "வலிக்கும்தான்," என்றார் அக்கா, சிரிக்காமல். நான் பேச்சை மாற்றினேன்.

வாடிக்கையாளர்கள்தான் பெரிய தொல்லை. மூன்று நாளுக்கு ஒரு தடவை இடியப்பம் வாங்க ஒரு பெரியவர் வருவார். கோயிலில் நான் வாளியோடு பந்திக்குப் பந்தி ஓடியதை அவர் பார்த்திருக்கிறார். ஒரு மாலை, கூட்டமான நேரம், எல்லோர் முன்னாலும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, கோயில்ல பம்பரம் மாதிரிச் சுத்தினீர். இஞ்ச என்ன கல்லு மாதிரி நிக்கிறீர்? அவ தனியக் கிடந்து மாயுறா. ஒரு கை குடுத்தா என்ன, தேய்ஞ்சு போவீரோ?"

"அண்ணை, கை குடுக்க அவவுக்கு விசா இல்லை," என்றார் அக்கா.

"கை குடுக்கவும் விசாவோ! கலிகாலம்."

கடையே சிரித்தது. எனக்கு முகமெல்லாம் எரிந்தது. அந்த ஆளை அங்கேயே நிறுத்தி வைத்து, விதியைத் தலை முதல் கால் வரை ஒப்பிக்கலாமா என்று ஆத்திரம் வந்தது. அக்கா கண்ணால் வேண்டாம் என்றார். பெரியவர் போகும்போது, "இந்தக் காலத்துப் பிள்ளையள்," என்று கதவிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர் பிழை என்ன? நான் அவர் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன், இன்னும் காரமாக.

கோடை வந்தது. கடைக்குள் கோட்டை மட்டும் நான் கழற்றவில்லை; கைக்குப் பை வேண்டுமே. பட்டப்படிப்புப் பிள்ளைகளுக்கு விடுமுறை, அவர்கள் முழு நேரமும் வேலை பார்க்கலாம். முதுகலை படிக்கிற எங்களுக்கு அது ஆய்வேடு எழுதும் காலம், விடுமுறைக் கணக்கில் வராது, அதே இருபது மணி நேரம்தான். இதையும் ஆலோசகரிடம் போய்க் கேட்டு உறுதி செய்துகொண்டேன். அவர் என்னைக் கண்டதும் கோப்பையைக் கீழே வைத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அதே கோடையில் எனக்கு ஒரு வேலையும் அமைந்தது. சாலைச் சந்திப்புகளில் ஏன் நெரிசல் ஆகிறது என்று ஆராய்ந்து சொல்கிற ஒரு சின்ன நிறுவனம். இரண்டாவது விசா வந்தால் உடனே வா என்றார்கள். எனக்கு அந்த வேலை வேண்டும். எப்படிச் சொல்வது, பசிக்கிற மாதிரி வேண்டும். பஸ்ஸில் போகும்போது ஒவ்வொரு சிக்னலிலும் தலையை நீட்டிப் பார்த்து, இது ஏன் இப்படி, இதை மாற்றினால் என்ன ஆகும் என்று எனக்குள் பேசிக்கொண்டே போவேன். இதற்கு எனக்குச் சம்பளம் கொடுக்கப் போகிறார்கள் என்பதை நம்பவே முடியவில்லை. அந்த விசா ஒன்றுதான் பாக்கி.

அப்போதுதான் ஒரு மாலை குடிவரவு அதிகாரிகள் கடைக்குள் வந்தார்கள்.

மூன்று பேர், கருநீல மேற்சட்டை. தெரு முழுக்கக் கடைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார்களாம். இடியப்பப் பெரியவர் இடியப்பத்தை மேசையிலேயே விட்டுவிட்டு, பழத்தோலில் வழுக்கினவர் மாதிரி வெளியே போனார். அவருக்கு இங்கே குடியுரிமையே உண்டு, ஏன் ஓடினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அக்காவுக்குப் பதற்றம் வந்தால் ஆங்கிலம் போய் ஜெர்மன் வரும். அவர்கள் எதைக் கேட்டாலும் "யா, யா" என்று ஜெர்மனில் ஆமாம் போட்டார். மூத்த அதிகாரி தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து, சத்தமாகக் கேட்கும்படி மேசைமேல் வைத்தார். தமிழ்நாட்டுக் குரல், ஆண்.

அதிகாரி என்னைக் காட்டி, இவர் யார் என்று கேட்கச் சொன்னார்.

"அந்தப் பொண்ணு யாருன்னு கேக்குறாங்கம்மா."

அக்கா என்னைப் பார்த்தார். என்னைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்லி என்னைக் காப்பாற்றிவிட வேண்டும் என்ற துடிப்பு அவர் முகத்தில் தெரிந்தது. "அவ எங்கட பிள்ளை மாதிரி. மேல வாடகைக்கு இருக்கிறா. நல்ல பிள்ளை. ஒவ்வொரு நாளும் பின்னேரம் என்ர கடையிலதான் நிக்கிறவ."

தொலைபேசி ஆங்கிலத்தில் சொன்னது: "இவர் என் மகளைப் போன்றவர். மாடியில் வாடகைக்கு இருக்கிறார். நல்ல பெண். தினமும் மாலையில் என் கடையில் வேலை செய்கிறார்."

ஐயோ!

"இல்லை, இல்லை! அவர் சொன்னது நிற்கிறேன் என்று," என்று நான் பாய்ந்தேன். அதிகாரி உள்ளங்கையைக் காட்டினார். மொழிபெயர்க்க ஒருவர் போதும் என்றார். அந்தக் குரலின் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு, தொலைபேசிக்குள் கையை விட்டு ஆளை வெளியே இழுத்திருப்பேன். ஆனால் அவரைச் சொல்லி என்ன? எங்கள் ஊரிலும் 'பையன் ஜவுளிக் கடையில நிக்கிறான்' என்றால், சம்பளத்துக்குத் துணி மடிக்கிறான் என்றுதான் அர்த்தம். எனக்கு அவ்வளவு பிடித்த அந்தச் சொல் என் கழுத்தைப் பிடித்துவிட்டது.

அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

"நீ இங்கே என்ன செய்கிறாய்?"

"நிற்கிறேன்."

"தினமுமா?"

"அநேகமாகத் தினமும்."

"எவ்வளவு நேரம்?"

"கடை சாத்துகிற வரைக்கும்."

"நின்றுகொண்டு என்ன செய்வாய்?"

"ஒன்றும் செய்ய மாட்டேன். பேசுவோம்."

அவர் வாழ்க்கையில் கேட்ட பொய்களிலேயே இதுதான் மட்டமானது என்று நினைப்பது முகத்தில் எழுதியிருந்தது. என் பெயர், பல்கலைக்கழகம், விசா விவரம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். மறுபடி வருவோம், அதற்குள் நீங்கள் ஏதாவது காட்ட விரும்பினால் காட்டலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கதவு மூடியதும் நான் அக்காவிடம் கத்திவிட்டேன். "நிக்கிறவன்னு ஏங்க்கா சொன்னீங்க? எங்க ஊர்ல அதுக்கு வேலை பாக்கிறவன்னு அர்த்தம்!"

"நிக்கிறீர்தானே பிள்ளை, அதைத்தானே சொன்னனான்..." என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார். வாயைக் கையால் பொத்திக்கொண்டார். "எங்கட ஊரிலயும் கடையில நிக்கிறதெண்டா அதுவும்தான். ஐயோ, என்ர வாயாலயே உம்மட படிப்பைக் கெடுத்திட்டனோ?"

சட்டியின் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் கடைக்கும் அபராதம் வரலாம். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என் கோபம் போன இடம் தெரியவில்லை. பயம் மட்டும் மிச்சம் இருந்தது.

மறுநாள் ஆலோசகரிடம் ஓடினேன்; இம்முறை அவர் கேலி பேசவில்லை. நடந்ததை முழுவதும் கேட்டுவிட்டு, "உண்மையைச் சொல். ஒன்றையுமே தொடவில்லையா?" என்றார்.

"நீங்கள்தானே தொடாதே என்றீர்கள்."

"நாங்கள் சொல்வோம். இப்படி எழுத்துக்கு எழுத்து யாரும் கேட்பதில்லை." கொஞ்சம் யோசித்தார். "கடையில் கேமரா இருக்கிறதா?"

இருந்தது! குளிர்பானம் களவு போகிறது என்று அக்காவின் கணவர் மாட்டியது. நான் நிற்கிற மூலைக்கு நேர் எதிரே, கடை முழுக்கத் தெரிகிற மாதிரி. பல வாரத்துக் காட்சிகள் அதில் சேமித்திருந்தன. வேறு யாராலும் சொல்ல முடியாத சாட்சி தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

மூத்த அதிகாரி சொன்னபடி திரும்பி வந்தார். பின்னறையில் ஒரு சின்னத் திரை. அவர் ஒரு எண்ணெய் டின்மேல் உட்கார்ந்தார், அக்காவும் நானும் இரண்டு பக்கம். தொலைபேசியில் இம்முறை ஒரு பெண் மொழிபெயர்ப்பாளர், பேச்சைக் கேட்டால் யாழ்ப்பாணம். அக்கா அந்த அம்மாவிடம் முதல் வேலையாக, "அவ அண்டைக்கும் நிண்டவ, சும்மா நிண்டவ," என்றார். "அவர் அங்கே சும்மா இருந்தார்" என்று இம்முறை சரியாகவே ஆங்கிலம் வந்தது. எனக்கு அழலாமா சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

அதிகாரி படத்தை வேகமாக ஓட்டினார். அக்கா சட்டிக்கும் மேசைக்கும் கல்லாவுக்கும் பறந்தார். கதவு திறந்து திறந்து மூடியது. மூலையில் ஒரு கோட்டு மட்டும் அசையாமல் நின்றது. அது நான். ஒரு மாலை, அடுத்த மாலை, அதற்கடுத்த மாலை. கோட்டு அப்படியே. பெரியவர் வந்து என்னைப் பார்த்துக் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது தெரிந்தது. இவர் என்ன சொல்கிறார் என்று அதிகாரி கேட்டார். "நான் ஏன் உதவி செய்யவில்லை என்று திட்டுகிறார்," என்றேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

எனக்கும் பார்க்க ஆவலாகத்தான் இருந்தது முதலில். தன்னைத்தானே இவ்வளவு நேரம் யார் பார்த்திருப்பார்? நான் இப்படியா நிற்கிறேன், கழுத்தைச் சாய்த்துக்கொண்டு? பேசும்போது ஏன் இத்தனை தடவை தலையாட்டுகிறேன்? இப்படியெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓர் இடத்தில் அதிகாரி நிறுத்தி, சாதாரண வேகத்துக்குக் கொண்டுவந்தார். அக்கா பின்பக்கமிருந்து ஒரு மாவு மூட்டையைத் தரையோடு தரையாக இழுத்து வருகிறார். குனிந்து, முதுகு நான் நிற்கிற மூலைப் பக்கம். நடுவில் நின்று வலது தோளைப் பிடித்துக்கொள்கிறார். அப்படியே கொஞ்ச நேரம் நிற்கிறார். மறுபடி இழுக்கிறார். மூலையில் இருந்த கோட்டுப் பையிலிருந்து ஒரு கை வெளியே வருகிறது. அந்தரத்தில் நிற்கிறது. திரும்பிப் பைக்குள் போகிறது. மூட்டை பக்கத்தில் வந்ததும் நான் ஒதுங்கி வழி விடுகிறேன். அவ்வளவுதான்.

அதிகாரி அந்த இடத்தை இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தார். யாரும் பேசவில்லை. தொலைபேசியில் இருந்த அம்மாவுக்கு என்ன நடக்கிறது என்று தெரியாது. "ஹலோ? லைனில நிக்கிறியளோ?" என்றார்.

"அவருடைய தோளில் என்ன?" என்று அதிகாரி கேட்டார்.

"பழைய நோ. மா குழைச்சுக் குழைச்சு வந்தது," என்றார் அக்கா.

அதிகாரி எழுந்தார். இவ்வளவு கவனமாக ஒன்றும் செய்யாமல் இருந்த ஆளை இத்தனை வருட வேலையில் பார்த்ததில்லை என்றார். நான் வேலை செய்ததற்கு எந்த ஆதாரமும் இல்லை, விதி மீறல் இல்லை, கடைக்கும் அபராதம் இல்லை என்று சொல்லிவிட்டு, மொழிபெயர்க்கக் காத்திருந்தார். பிறகு அக்காவுக்குத் தலையைச் சாய்த்து வணக்கம் மாதிரி ஒன்று செய்துவிட்டுப் போனார். எனக்கு ஒன்றும் செய்யவில்லை.

நான் குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை. அக்கா நின்றுபோன திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்டைக்கு நான் மூட்டை இழுக்கேக்க நீர் மேல போயிட்டீர் எண்டெல்லோ நினைச்சனான். பக்கத்திலயோ நிண்டனீர்?"

"ஆமாக்கா. பாத்துட்டுதான் நின்னேன்."

அவர் தோளைத் தடவிக்கொண்டார்.

"நல்ல காலம்," என்றார். "நல்ல காலம் நீர் தொடேல்லை. தொட்டிருந்தா இண்டைக்கு உம்மை அனுப்பியிருப்பினம்."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தப்பித்தேனே என்றும் வந்தது, வழி விட்டேனே என்றும் வந்தது. அக்கா தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். அதையும் அவரேதான் போட்டார்.

ஆய்வேட்டைக் கொடுத்தேன், தேறினேன், விண்ணப்பித்தேன். படிப்பு முடிந்தபின் இந்த இருபது மணிக் கட்டுப்பாட்டைச் சட்டமே தளர்த்துகிறது என்று ஆலோசகர் சொன்னார். எனக்குப் பயம் விட்டபாடில்லை, முடிவு வரும்வரை கையைப் பையிலேயே வைத்திருந்தேன். ஒரு பின்னேரம், கடைக்கு இரண்டு நிறுத்தம் முன்னால் பஸ் நெரிசலில் நிற்கும்போது, கைப்பேசியில் மின்னஞ்சல் வந்தது. இரண்டு வருடம். எந்த நிறுவனத்திலும், எத்தனை மணி நேரமும். அங்கேயே இறங்கி ஓடினேன்.

"வந்திருச்சுக்கா! இனிமே எதை வேணும்னாலும் செய்யலாம்!"

"மெய்யாவோ? காசு வாங்காமலுமோ?"

"வாங்கியும் செய்யலாம், வாங்காமலும் செய்யலாம்."

அக்கா மாவு ஒட்டிய கையோடு என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினார். நான் கோட்டைக் கழற்றி மாடிப்படிக் கம்பியில் போட்டேன். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "சொல்லுங்க, என்ன செய்யணும்?" என்றேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அப்ப பின்னால போய் உந்த மா மூட்டையைக் கொண்டு வாரும் பாப்பம்."

போனேன். குனிந்து இரண்டு கையாலும் மூட்டையின் காதைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தேன். அசையவில்லை. காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, பல்லைக் கடித்து இழுத்தேன். ஒரு சாண் நகர்ந்தது, அவ்வளவுதான். கை எரிந்தது. என் முகத்துக்கு நேரே எத்தனை மாலை இது இழுபட்டுப் போயிருக்கிறது! வேலை என்றால் என்ன, வெங்காயம் மீந்தால் என்ன, வாளி எங்கே இருந்தால் என்ன என்று ஊரில் இல்லாத கேள்வியெல்லாம் கேட்ட எனக்கு, இந்த மூட்டை எவ்வளவு கனம் என்று அக்காவிடம் ஒரு நாள்கூடக் கேட்கத் தோன்றவில்லை.

நான் வராததைக் கண்டு அக்கா பின்னறைக்கு வந்தார். மூட்டையையும் என்னையும் பார்த்தார். அந்தப் பக்கம் போய்க் குனிந்தார்.

"அங்கால நுனியைப் பிடியும் பிள்ளை. ரெண்டு பேராத் தூக்குவம்."